கடனாளியின் கைப்பொருள்

கடன் என்னும் சொல் தமிழில் கடப்பாட்டையும், பிறர்பாற் பெற்றுத் திருப்பித் தரற்குரிய பொருளையும் ஒருங்கே உணர்த்துவது. வாங்கிய பொருளைத் திருப்பித் தருதல் வேண்டும் என்பதில் ஐயமுடையார் எவருமிலர்; தராதவனும் அதனை மறுப்பதில்லை, நாளை என்றே கூறுகின்றான். ஐயம் எழுவது வேறோரிடத்து. கடன்பட்டான் ஒருவன் கையில் திங்கள்தோறும் சம்பளமாக வந்து சேரும் பொருள் யாருடையது? அவனுடையதே எனின், அதனை விரும்பியவாறெல்லாம் செலவிட அவனுக்கு உரிமையுண்டென்பது பட்டு, கடன் என்பதே பொருளற்ற சொல்லாய் முடியும். கடன் கொடுத்தானுடையதே எனின், கடனாளியும் அவன் மனைவி மக்களும் உண்ணும் சோறு களவுச்சோறாய் முடியும். இரண்டும் பொருந்தாமை வெளிப்படை. ஆகவே இவ்வினா ஈண்டு ஆராயற்பாலதாயிற்று.

நீதிமன்றங்கள் இதற்கு ஒருவாறு விடை கண்டுள்ளன. 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம், 60ஆம் பிரிவில், கடனுக்காகக் கைப்பற்றலாகாத பொருள்கள் இவை எனத் தொகுத்துக் கூறுகின்றது. உடுக்கும் ஆடை, சமைக்கும் பாத்திரம், படுக்கை, தொழிலாளியின் கருவி, உழவனின் ஏர்க்கருவி, சமய வழக்கின்படி பெண்ணொருத்தி நீக்கலாகாத அணி ஆகியன அவற்றுட் சில. சம்பளத்திலும், மனைவி மக்கள் பிழைப்பூதியத்திற்கான தீர்ப்பல்லாத பிற தீர்ப்புக்களில், முதல் 1,000 ரூபாயும் எஞ்சியதில் மூன்றில் இரண்டு பங்கும் தொடலாகாது என்பது அதன் விதி. குடும்பம் உயிர்வாழ்தற்கு இன்றியமையாத பகுதி கடன் கொடுத்தானுக்கு உரியதன்று என்பதே இதன் உட்கிடை. அதுவும் பொருத்தமே, உண்ணாதவன் உழைத்துக் கடன் தீர்த்தல் யாங்ஙனம்? ஆனால் சட்டம் எதனைப் பறிக்கலாகாதென்று கூறுமேயன்றி, எஞ்சியதைக் கடனாளி என்செய்தல் வேண்டுமென்று கூறாது. அது கூறவேண்டுவது அறநூல். இன்றியமையாச் செலவு போக எஞ்சியது, அவன் கையிலிருப்பினும், பிறனொருவன் வைத்த அடைக்கலப் பொருளை ஒத்ததே. பெட்டி அவனுடையது, திறவுகோலும் அவனிடத்தது. உள்ளிருப்பது மட்டும் அவனுடையதன்று.

இனி, இன்றியமையாதது எது என்பதே தொல்லை. அவா ஒருபோதும் அவா என்று பெயர் சொல்லிக்கொண்டு வருவதில்லை. தேவை என்றே சொல்லிக்கொண்டு வரும். ஆடித் தள்ளுபடியில் எடுத்த நான்காவது சேலையும், பழையது நன்றாக இருக்கவே வாங்கிய புதிய கைப்பேசியும் வாங்குங்கால் தேவையாகவே தோன்றின. ஆன்மா சார்ந்ததன் வண்ணமாம் இயல்பிற்று என்பது சித்தாந்தத் துணிபு. இருளைச் சார்ந்த கண் இருளாயும், ஒளியைச் சார்ந்த கண் ஒளியாயும் நிற்றல்போல, எதனருகே நிற்கின்றதோ அதன் நிறத்தை உயிர் ஏற்கும். இத்துணிபு வீடுபேற்றைப் பற்றிய ஆராய்ச்சிக்கு மட்டும் உரியதென்று கருதி, கடைத்தெருவுக்குப் போகுங்கால் அதனை வீட்டில் வைத்துவிட்டுப் போவாரே பலர். கடையின் முன் நின்றுகொண்டு, 'வாங்கமாட்டேன்' என்று மனத்தை இறுக்குதல் வீண்முயற்சி. மனவுறுதியிற் குறைவிருத்தல் அதற்குக் காரணமன்று, நிற்குமிடமே காரணம். இக்காலத்துக் கடைத்தெருவோ சட்டைப்பைக்குள்ளேயே இருக்கின்றது. முன்னெல்லாம் காசு மடியிலும் முந்தானை முடிச்சிலும் கிடந்தது. முடிச்சை அவிழ்க்க ஒரு கணம் ஆகும்; அவ்வொரு கணத்தில் அறிவு வந்து கையைப் பிடிப்பதும் உண்டு. 2016ஆம் ஆண்டில் யூபிஐ வந்தபின் முடிச்சும் இல்லை, அவிழ்த்தலும் இல்லை. கட்டத்தைப் படம்பிடித்துக் குறியெண்ணை அழுத்தக் காசு போய்விடுகின்றது. ஆதலால் கடனாளி தானே ஒரு முடிச்சை இட்டுக்கொள்ளல் வேண்டும். வாங்க விரும்பிய பொருளின் பெயரையும் விலையையும் ஓர் ஏட்டில் எழுதி, ஏழு நாள் கழித்து அதே ஏட்டைப் பார்ப்பதென்பது அத்தகைய முடிச்சு. ஏழாம் நாள் அவற்றுட் பல எழுதியவனுக்கே வியப்பாகத் தோன்றும்.

வட்டியின் இயல்பும் ஈண்டுச் சிறிது அறியற்பாலது. முதலாம் இராசராசன் எடுப்பித்த தஞ்சைப் பெரியகோயிற் கல்வெட்டுக்களில், கோயிற்குக் கொடுத்த காசை ஊர்ச்சபையார் கைக்கொண்டு, காசொன்றுக்கு ஆண்டொன்றுக்கு அரைக்காற் காசு பொலிசையாக அளந்துவந்த செய்தி காணப்படுகின்றது. அரைக்கால் எட்டிலொன்று, எனவே ஆண்டுக்கு நூற்றுக்குப் பன்னிரண்டரை. இன்று கிரெடிட் கார்டு எனப்படும் கடனட்டையில் நிலுவை வைத்தவனுக்கு வட்டி திங்களுக்கு நூற்றுக்கு மூன்றரை எனக் கொள்க. அது ஆண்டுக்கு நாற்பத்திரண்டாகும். 1,00,000 ரூபாய் நிலுவை உடையவன் திங்கட்குறை கட்டணமாக நூற்றுக்கைந்து வீதம் 5,000 ரூபாய் கட்டி மனம் அமைகின்றான். அதில் வட்டி 3,500. வட்டியின்மேல் வரி நூற்றுக்குப் பதினெட்டு வீதம் 630. முதலிற் கழிவது 870 ரூபாயே. திருவிளக்கெரிக்க 96 ஆடு விட்டு, அவை சாவா மூவாப் பேராடென்று கல்லில் வெட்டி வைத்தனர் முன்னோர். இறந்த ஆட்டின் இடத்தைப் பிறந்த குட்டி நிரப்பும், நாடோறும் உழக்கு நெய் குறையாது வரும். சிறிதளவே கட்டப்படும் இக்கடனும் சாவா மூவாக் கடனே. எரியும் விளக்குமட்டும் கடனாளி வீட்டில் இல்லை. பழங்கடனை ஒருபுறம் இறுத்துக்கொண்டே மறுபுறம் அதே அட்டையில் புதுக்கடன் ஏற்றுபவன் நிலை, ஊழை நுகர்ந்து கழிக்கும்போதே ஏறுவினையை ஈட்டிக்கொள்ளும் உயிரின் நிலையை ஒத்தது. முதலில் அட்டையை மூடுதல் வேண்டும், தீர்த்தல் அதன்பின்.

மூடியபின் வேண்டுவது கணக்கு. நாட்டுக்கோட்டையார் பேரேடு எழுதி ஐந்தொகை கட்டினர். கோடி புரண்ட கைகளும் அரையணாவிற்குக் கணக்கெழுதின. இற்றை நாளில் வரவுசெலவு எழுதுதல் கஞ்சத்தனமென்றும், மனம் போனபடி செலவிடுதல் பெருந்தன்மையென்றும் எண்ணுவார் உளர். திருவள்ளுவர் இக்கருத்தினரல்லர். பகைமேற் செல்லும் அரசன் தன்னாற்றலையும் பகைவன் ஆற்றலையும் ஆராயும் திறம் கூறும் வலியறிதல் என்னும் அதிகாரத்தின் இறுதிப் பகுதியிலேயே வரவு செலவின் அளவையும், அளவறிந்து கொடுத்தலையும் அவர் வைத்தார். வீட்டுக் கணக்கு ஒருவனுடைய வலிமையைக் காட்டும் கருவி என்பதே அவ்வைப்புமுறையால் விளங்குவது. கணக்கு எழுதாதவன் தன் வலியறியாது போருக்குப் புறப்பட்டவன்.

கடன் பலவாயின் எதனை முதலில் தீர்ப்பது? இவ்விடத்திற் கணக்கும் அறமும் ஒருவழிச் செல்வதில்லை. ஆதலின் இதனைச் சற்று விரித்தே நோக்குதல் தகும்.

45,000 ரூபாய் சம்பளமுடைய எழுத்தன் ஒருவன் உளன் எனக் கொள்க. வீட்டு வாடகை, அரிசி பருப்பு, பால், பிள்ளைகள் படிப்பு, மருந்து, பேருந்து எல்லாம் போக 13,000 ரூபாய் மிஞ்சுகின்றது. மேற்கூறிய அட்டைக் கடன் 1,00,000 ஒருபுறம். மற்றொருபுறம், தெருமுனையில் இட்டலிக் கடை வைத்திருக்கும் கைம்பெண் ஒருத்தி, இவன் பிள்ளை காய்ச்சலிற் கிடந்தபோது கைமாற்றாகக் கொடுத்த 15,000. அவள் வட்டி கேட்கவில்லை; எழுத்தும் வாங்கவில்லை. எஞ்சிய 13,000 ரூபாயையும் திங்கள்தோறும் அட்டைக்கே செலுத்தினால், பத்தாந் திங்களில் அது தீரும். பதினோராந் திங்களில் அம்மையாரின் கைமாற்றும் தீரும். அதற்கு மாறாக, முதலிரண்டு திங்களில் அவளுக்கு 8,000மும் 7,000மும் கொடுத்து, மிச்சத்தை அட்டைக்குக் கட்டிவந்தால், அட்டை தீரப் பன்னிரண்டு திங்களாகும். வட்டியும் வரியுமாக ஏறக்குறைய 6,800 ரூபாய் கூடுதலாகச் செல்லும். கணக்கு மட்டும் வல்லவன், முதல் வழியே சிறந்தது, வட்டி மிகுந்ததையே முன்னர்த் தீர்த்தல் வேண்டும் என்பன். கணக்கிற் பிழையில்லை.

ஆயினும் அந்த 6,800 ரூபாய் மிச்சம் எங்கிருந்து வந்தது? அட்டை கொடுத்த வங்கி விட்டுக்கொடுத்ததன்று. எழுத்தன் வயிற்றைக் கட்டி மிகுத்ததுமன்று. இட்டலிக் கடைக்காரி பதினோரு திங்கள் வாய்திறவாது பொறுத்திருந்ததால் வந்தது. அவளுடைய 15,000 ரூபாய் அவள் கடையின் முதல். அஃதின்மையால் அவள் உளுந்தையும் அரிசியையும் மூட்டையாக வாங்காது சில்லறையாக வாங்கி விலை மிகக் கொடுத்திருத்தலும் கூடும். உலகில் வட்டியுள்ள கடன் முன்னும் வட்டியில்லாக் கடன் பின்னுமாகவே தீர்க்கப்படுகின்றன. கடித்த நாய்க்குச் சோறும், காத்த நாய்க்குக் கல்லுமாக முடியும் இவ்வழக்கத்தைச் சிக்கனம் என்று பெயரிட்டு அழைத்தல் கொடுமை. வறியவர் கொடுத்ததும், நம்பிக் கொடுத்ததும், கேட்க நாணுபவர் கொடுத்ததும் முன்னர்த் தீர்க்கற்பாலன. ஒரு விலக்கு உண்டு. அவளிடமே சென்று, நிலைமையை மறையாதுரைத்து, 'இன்ன திங்களில் தருவேன். அதுவரை பொறுக்க இயலுமா?' என்று கேட்டு, அவள் உளமார இசைந்தால், கணக்கு காட்டும் வழியிற் போதல் குற்றமன்று. கேளாமலே அவள் மௌனத்தை இசைவாகக் கொள்ளுதல்தான் குற்றம். பெரும்பாலோர் கேட்பதில்லை; அத்தெரு வழியே போவதை நிறுத்திவிடுகின்றனர்.

ஈண்டு அன்பர் சிலர்க்கு ஒரு தடை எழும். 'வீண்செலவு விலக்கற்பாலது, ஒக்கும். அறச்செலவோ? கோயிற் குடமுழுக்கிற்கும் அடியார் அமுதுக்கும் கொடுப்பதற்குக் கடன் தடையாகுமோ? இளையான்குடி மாறனார் கடன் பட்டன்றோ அடியாரை ஊட்டினார்?' என்பது அது. தடை வலியுடையதே. ஆனால் சேக்கிழார் அவ்விடத்து எத்துணை விழிப்புடன் சொற்களை அமைத்தார் என்பதைத் தடை நிகழ்த்துவோர் நோக்குவதில்லை. மாறனார் முதலில் தமக்கு உள்ளவற்றை விற்றார். அதன்பின்னரே கடன் கொண்டார். அக்கடன்களும், தம்மையே விற்றுத் தீர்க்கத்தக்க அளவினவாகிய கடன்கள் என்று ஆசிரியர் வரையறை செய்கின்றார். அஃதாவது, கடன் பெருகிய காலத்தும் அதற்கு ஈடாக மாறனாராகிய ஓர் ஆள் எஞ்சியிருந்தார். சம்பளத்தைப் பத்துத் திங்களுக்கு முன்கூட்டியே அட்டைக்காரனுக்கும் கைமாற்றுக்காரிக்கும் எழுதிவைத்துவிட்ட எழுத்தனிடம் விற்பதற்கு எஞ்சியிருப்பவர் யார்? தன்னைத்தான் அவன் முன்னமே விற்றுவிட்டானே. உள்ளதை விற்றபின் கடன் கொண்ட நாயனாருக்கும், உள்ளதை விற்க மனமின்றிக் கடன் கொண்டு கொடுப்பவனுக்கும் ஒப்புமை கடன் என்னும் சொல்லளவினதே.

குடமுழுக்கிற்குப் பதினாயிரம் கொடுத்துப் பளிங்குக் கல்லிற் பெயர் வெட்டுவித்துக்கொண்டவன், அதே திங்களில் இட்டலிக் கடைக்காரிக்கு 'அடுத்த மாதம்' என்று சொல்லியனுப்புவானாயின், அக்கல்லில் உண்மையாகப் பொறிக்கத் தக்கது அவள் பெயரே. கொடை அவளுடையது, கேளாது எடுத்துக் கொடுத்தவன் இவன். பிறர் பொருளாற் செய்த வழிபாட்டை இறைவன் ஏற்பானோ மாட்டானோ என்று வழக்காடுதல் ஈண்டு வேண்டா. அப்பொருளுக்குரியவள் அதே சந்நிதியில், அதே வரிசையில், இவனுக்குப் பின்னே நின்று கும்பிட்டுக்கொண்டிருக்கக்கூடும் என்பதை நினைத்தலே அமையும்.

அற்றேல், கடன் தீருமளவும் கடனாளி ஈகையே இன்றியிருத்தல் வேண்டுமோ? அவ்வாறு கூறின் அது மிகையாம். கொடாது பழகிய கை கடன் தீர்ந்தபின்னும் விரியாது. இதற்கும் பழந்தமிழ்க் குடும்பங்களில் ஒரு வழி இருந்தது. உலையிலிடுதற்கு அரிசி அளந்தபின், அவ்வளந்த அரிசியிலிருந்தே ஒரு பிடி எடுத்துத் தனிப்பானையில் இட்டுவைப்பர். திங்கள் முடிவில் அது மடத்துக்கோ, கோயிலுக்கோ, வாயிலில் வந்தவர்க்கோ போகும். பிடியரிசி என்பது அதன் பெயர். நோக்கத் தக்கது, அப்பிடி எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பதே. வீட்டார் உண்பதற்கென்று அளந்ததிலிருந்து எடுத்தது அது. கடனுக்கென்று ஒதுக்கியதிலிருந்து எடுத்ததன்று. அன்றைச் சோறு ஒரு பிடி குறையும். கடன் கொடுத்தார் எவர்க்கும் ஒரு காசும் குறையாது. எழுத்தன் வீட்டிலும் அப்பானையை இன்றே வைக்கலாம். திங்கள் முடிவில் அது நிறையும்போது, அதனைக் கொண்டுசெல்வதற்குத் தெருமுனை வழியாகவே போகலாம். அங்கே கொடுக்கவேண்டிய 8,000 ரூபாயும் கையிலிருக்குமாயின்.