கை உயரும் நேரம்

கை உயர்கிறது. இரண்டு வட்டங்கள் கண்ணுக்கு நேரே வருகின்றன. மங்கல் விலகுகிறது.

கை இறங்குகிறது. மங்கல் அதன் இடத்துக்கு வருகிறது.

*

காதில் மாட்ட ஒன்றுமில்லை. மூக்கை அழுத்தவும் ஒன்றுமில்லை. பக்கவாட்டில் ஒரு கைப்பிடி, அவ்வளவுதான். லார்னியெட் என்னும் கைப்பிடிக் கண்ணாடி.

பிடித்திருக்கும் வரைதான் பார்வை.

*

இத்தாலியில் ட்ரெவிசோ. சான் நிக்கோலோ மடத்துச் சுவர். 1352-இல் தொம்மாசோ தா மொதேனா வரைந்தது. ஒரு கர்தினால் குனிந்து எழுதுகிறார். மூக்கின்மேல் இரண்டு வில்லைகள், அவற்றை இணைக்கும் ஓர் ஆணி.

வேறொரு கர்தினால் ஒற்றை வில்லையைக் கையில் எடுத்து ஏட்டின்மேல் பிடித்திருக்கிறார்.

அந்தக் கை இன்னும் வலிக்கவில்லை.

*

1730-ஐ ஒட்டி, லண்டன். எட்வர்ட் ஸ்கார்லெட் விற்கும் கண்ணாடிக்கு இரு பக்கமும் காம்பு இருக்கிறது. இனி பிடிக்க வேண்டியதில்லை.

அந்த நூற்றாண்டு முடிவதற்குள் கை திரும்பி வந்துவிடுகிறது. அதே லண்டனில். கருவி செய்யும் ஜார்ஜ் ஆடம்ஸின் பெயர் அங்கே அடிபடுகிறது.

ஏன், என்று ஒரு கேள்வி வருகிறது. சற்று நேரம் இருக்கிறது. போகிறது.

*

முகத்தில் மாட்டிய கண்ணாடி வயதைச் சொல்லிவிடுகிறது. நீண்ட சங்கிலியில் மார்பின்மேல் தொங்கும்போது கைப்பிடிக் கண்ணாடி நகை. பொன், வெள்ளி, முத்துச்சிப்பி. கண் சரியில்லை என்று யாரும் சொல்வதில்லை.

*

பாரிஸ், 1790-கள். புரட்சியில் தலைகள் வெட்டுண்ட காலம் இப்போதுதான் முடிந்திருக்கிறது. தெருவில் இளைஞர்கள். தாடை வரை ஏறிய கழுத்துத்துணி. கையில் கத்தரிக்கோல் கண்ணாடி. கைப்பிடி கீழிருந்து வருகிறது, மூக்கின் அடியில் இரண்டாகப் பிரிகிறது.

பிடித்த கை வாய்க்கு நேராக நிற்கிறது. பேச்சு விரல்களுக்குப் பின்னாலிருந்து வருகிறது.

*

அரங்கம். நாடகம் தொடங்கியும் மெழுகுவர்த்திகள் அணைவதில்லை. எல்லோருக்கும் எல்லோரும் தெரிகிறார்கள். எதிர் மாடத்தில் யார், யாருடன், என்ன உடை. கைப்பிடிக் கண்ணாடிகள் மேடையை விட்டு மெல்ல நகர்கின்றன.

மேடையையே பார்ப்பதுபோல் நேராக நிற்கும் ஒரு குழலும் உண்டு. உள்ளே சாய்வாக ஓர் ஆடி, பக்கத்தில் ஒரு துளை. பொறாமைக் கண்ணாடி என்கிறார்கள். பெயர் வைத்தவருக்கு மனிதர்களைத் தெரிந்திருக்கிறது.

*

1876. ஜெர்மனியில் பைரோய்த். இசையமைப்பாளர் வாக்னரின் அரங்கில் விளக்குகள் அடங்குகின்றன. எதிர் மாடம் இல்லாமல் போகிறது.

*

1825-இல் லண்டனில் ராபர்ட் பேட் காப்புரிமை பெற்ற கைப்பிடிக் கண்ணாடி ஒன்று.

மடித்திருக்கும்போது ஒரு வில்லை மற்றதன்மேல் படிந்திருக்கிறது. ஒரே வட்டம். பிடியில் சின்னக் குமிழ். கட்டைவிரல் அதைத் தேடுகிறது, அழுத்துகிறது. உள்ளே ஒரு வில் விடுபடுகிறது. மேலிருந்த வில்லை புரண்டு பக்கத்தில் போய் நிற்கிறது.

சின்னதாக ஒரு சத்தம் வந்திருக்கும். யாராவது திரும்பியிருப்பார்கள். அதற்காகவும் அழுத்தியிருக்கலாம்.

*

பிடி, அழுங்காமையின் ஓடு. வெந்நீரில் இளகுகிறது. வளைத்த வளைவிலேயே ஆறுகிறது. தேன் நிறம், நடுநடுவே கருந்திட்டுகள். விளக்குக்கு நேரே பிடித்தால் திட்டுகளுக்கு இடையில் ஒளி ஊறுகிறது.

அந்த ஓட்டின் பன்னாட்டு வணிகத்துக்கு இன்று தடை. திட்டுகள் மட்டும் பிளாஸ்டிக்கில் வருகின்றன.

*

யால்டா, கப்பல் துறை. 1899-இல் வந்த ரஷ்ய எழுத்தாளர் செகாவின் கதை, ‘நாய்க்காரச் சீமாட்டி’. அந்தச் சீமாட்டி ஆன்னா, கைப்பிடிக் கண்ணாடி வழியாகக் கப்பலைப் பார்க்கிறாள். இறங்கும் பயணிகளைப் பார்க்கிறாள். நிறையப் பேசுகிறாள். கண்கள் மின்னுகின்றன. பிறகு கூட்டத்தில் கண்ணாடி தொலைகிறது.

செகாவ் அதற்கு ஒரு வரிக்கு மேல் கொடுக்கவில்லை.

*

அதே கதை. வெளியூர் அரங்கு ஒன்று. அவள் கையில் ஒரு கண்ணாடி. அவளைத் தேடி வந்த காதலன் அருகே வந்து நிற்கிறான். அவள் முகம் வெளுக்கிறது. கண்ணாடி கண்ணுக்குப் போவதில்லை. அதையும் விசிறியையும் ஒன்றாகச் சேர்த்து இறுகப் பிடிக்கிறாள், மயங்கி விழாமல் இருக்க.

எத்தனையோ கைப்பிடிகள். இப்படிப் பிடித்தது இது ஒன்றுதான் நினைவில் நிற்கிறது.

*

வாசிப்பு நிற்கிறது. தோள் கனக்கிறது. கை எதையும் உயர்த்தவில்லை, இருந்தும்.

*

மருந்துக்கடை. முன்னால் நிற்பவர் சட்டைப்பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுக்கிறார். காம்புகளை விரிப்பதில்லை. மடித்தபடியே மாத்திரை அட்டையின்மேல் பிடிக்கிறார். தேதியைப் படிக்கிறார். விலையைப் படிக்கிறார். கண்ணாடி பைக்குள் போகிறது.

பாதி அட்டை போதும் என்கிறார்.