மிலானை வெளியே தள்ளிய இரவு

மெடீவல் 2: டோட்டல் வார் 2006-இல் வந்த கேம். எனக்கு இருபத்தெட்டு வயதாகிறது, இன்னும் அதைத்தான் ஆடிக்கொண்டிருக்கிறேன். பொங்கோல் எல்ஆர்டி ஓய்ந்தபிறகு உட்கார்ந்தால் இரண்டு மணி வரை போகும்.

அதில் ஒரு தந்திரம் உண்டு. கத்தோலிக்க அரசர்கள் தங்களுக்குள் அடித்துக்கொள்வது போப்புக்குப் பிடிக்காது. நிறுத்து என்பார். கேட்காதவனைத் திருச்சபையிலிருந்து விலக்கிவிடுவார். விலக்கப்பட்டவன்மேல் யார் படையெடுத்தாலும் அவர் முகம் சுளிக்கமாட்டார். ஆகவே எல்லைக் கோட்டையில் பேருக்கு நாலு வீரர்களை நிறுத்திவைப்பேன். மிலான் ஆசைப்பட்டு முற்றுகையிடும். நான் தேவாலயம் கட்டுவேன், போப்புக்குப் பணம் அனுப்புவேன், ரொம்ப நல்ல பிள்ளை. கொஞ்ச நாளில் மிலான் வெளியே. அப்புறம் அதன் நகரங்கள் ஒவ்வொன்றாக என் கைக்கு வரும்.

எங்கள் வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்திருக்கும் அண்ணன் தூத்துக்குடிக்காரர். தண்ணீர் குடிக்க வந்தவர் பின்னால் நின்று பார்த்துவிட்டுச் சிரித்தார். "எங்க ஆளுக இத நெசமாவே ஆடியிருக்காவ, தம்பி."

அவர் சொன்னது பரதவர்களின் கதை. 1530-களில் முத்துக்குளித்துறையில் அவர்களுக்கும் முஸ்லிம் வணிகர்களுக்கும் கடல் உரிமைக்காக மோதல். ஜோவாவ் த குரூஸ் என்று ஒரு குதிரை வணிகர், கோழிக்கோட்டிலிருந்து வந்தவர், ஏற்கெனவே ஞானஸ்நானம் பெற்றவர். போர்த்துகீசியரிடம் போங்கள், மதம் மாறுகிறோம் என்று சொல்லுங்கள் என்று யோசனை சொன்னார். தலைவர்கள் கொச்சிக்குப் போனார்கள். 1537-க்குள் ஏறத்தாழ 20,000 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். 1538-இல் வேதாளையில் போர்த்துகீசியக் கப்பற்படை எதிரிகளை முறியடித்தது. ஐந்து வருஷம் கழித்துக்கூட இல்லை, 1542-இல் பிரான்சிஸ் சவேரியார் வந்து பார்த்தால், தாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதைத் தவிர பலருக்கு வேறெதுவும் தெரியவில்லை.

சுத்தமான எக்ஸ்பிளாய்ட் என்றேன். அண்ணன் கோபப்படவில்லை. "ஆமா. அதுக்கென்ன?" என்று கேட்டுவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.

அந்த "அதுக்கென்ன"தான் என்னைத் தூங்கவிடவில்லை. மதத்தைக் கருவியாக்குவது தப்பு என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். ஆனால் 1578-இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம், இந்தியாவில் தமிழ் எழுத்தில் அச்சேறிய முதல் நூல், அந்தப் பரதவர்களின் காசில் வந்தது. பனிமய மாதாவின் தங்கத்தேர் 1806-இலிருந்து ஓடுகிறது. கணக்குப் போட்டு ஏற்றுக்கொண்ட தெய்வத்தை அவர்கள் கும்பிட ஆரம்பித்துவிட்டார்கள். ஒப்பந்தத்துக்கு அவர்கள் கொடுத்த விலை அவர்களேதான். பெயர், கல்யாணம், சாவு எல்லாமே அதற்குள் போய்விட்டன.

இங்கிலாந்து அரசர் ஜான் ஆடியது வேறு ஆட்டம். காண்டர்பரி பேராயரை யார் நியமிப்பது என்று போப் மூன்றாம் இன்னொசென்ட்டோடு தகராறு. 1208-இல் நாடு முழுக்க வழிபாட்டுத் தடை, அடுத்த வருஷம் ஜானும் விலக்கப்பட்டார். அவருக்கு அது வசதியாகப் போயிற்று, திருச்சபைச் சொத்துகளின் வருமானம் அவர் பெட்டிக்கு வந்தது. செத்தவர்களைப் புனித நிலத்தில் புதைக்க முடியாமல் தவித்தது ஊர் சனம். 1213-இல் பிரெஞ்சுப் படையெடுப்பு நெருங்கியதும் நாட்டையே போப்புக்கு எழுதிக்கொடுத்துவிட்டு அவருடைய சிற்றரசர் ஆகிவிட்டார் ஜான். 1215-இல் மாக்னா கார்ட்டா செல்லாது என்று அறிவித்ததும் அதே போப்தான்.

நான் பரதவர் கட்சியில் இல்லை, ஜான் கட்சியில் இருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. கேம்தானே என்று எனக்கே சொல்லிப் பார்த்தேன். ஆபீசில் ஒருத்தரை மீட்டிங்கிலிருந்து ஒதுக்க, மேனேஜருக்கு நல்ல பிள்ளையாக நடந்துகொண்டதும் ஞாபகம் வந்தது. அங்கேயும் எல்லையில் நாலு பேரைத்தான் நிறுத்தியிருந்தேன்.

மறுநாள் மிலான் விழுந்தது. நகரம் கையில் வந்ததும் கேம் மூன்று வழி காட்டும்: கைப்பற்று, சூறையாடு, கொன்று தீர். ஒவ்வொன்றுக்கும் எதிரே எவ்வளவு காசு, எத்தனை பேர் சாவார்கள் என்ற கணக்கு இருக்கும். சூறையாடி வரும் காசில் கொஞ்சத்தைப் போப்புக்கு அனுப்புவது என் வழக்கம். மவுஸை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அடுத்த அறையில் அண்ணன் ஆகஸ்ட் 5 திருவிழாவுக்கு யாரிடமோ போனில் டிக்கெட் விலை கேட்டுக்கொண்டிருந்தார்.