பன்னிரண்டில் ஏழாவது

கற்றுக்கொள்பவன் விடும் பிழையை யார் சுமப்பது? தையல் பழகுபவன் துணியைப் பாழாக்கினால் விலையைக் கொடுத்துவிடலாம். சமையல் பழகுபவன் சோற்றைக் குழைத்துவிட்டால் வீட்டார் ஒருநேரம் முகஞ்சுளித்துக்கொண்டு சாப்பிடுவார்கள். படம்பிடிக்கப் பழகுபவன் பாழாக்குவதோ இன்னொருவரின் ஒரு பொழுதை. அதைத் திருப்பிக் கொடுக்க வழியில்லை.

2017இல் கொழும்பில் பழைய சாமான் கடையொன்றில் ஒரு 'லூபிட்டல் 2' கமெரா வாங்கினேன். லெனின்கிராட்டில் செய்யப்பட்டது. பேக்கலைட் உடம்பு, முன்னால் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு வில்லைகள். மேலுள்ளது நாம் பார்ப்பதற்கு, கீழுள்ளது படத்துக்கு. கமெராவை வயிற்றோடு அணைத்துப் பிடித்து, தலையைக் குனிந்து பார்க்க வேண்டும். இடம் வலமாகவும் வலம் இடமாகவும் தெரியும். முதல் வாரம் தலை சுற்றியது.

இந்த ஆசை உள்ளவர்களுக்கு ஒரு சொல்: வாங்குமுன் வில்லையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நமது ஈரக்காற்றில் கண்ணாடிக்குள் சிலந்தி வலை போலப் பூஞ்சணம் படர்ந்திருக்கும். மூடியின் மெதுவான வேகங்களை இயக்கிக் காதால் கேளுங்கள். உள்ளே பசை காய்ந்திருந்தால் இடையில் இழுபடும். ஒளிமானி இல்லையே என்று அஞ்ச வேண்டாம். நல்ல வெயிலில் துவாரத்தை 16இல் வைத்து, சுருளின் வேக எண்ணுக்குக் கிட்டிய மூடிவேகத்தை வைத்தால் பெரும்பாலும் சரிவரும்.

சுருளின் பெயர் 120. 1901இல் கொடாக் நிறுவனம் அறிமுகப்படுத்திய அதே அளவு இன்றும் விற்கப்படுகிறது. ஏறத்தாழ ஆறு சென்ரிமீற்றர் அகலம்; முதுகில் எண்கள் அச்சிட்ட கடதாசி. லூபிட்டலின் பின்புறத்தில் ஒரு சிறு சிவப்புச் சாளரம் உண்டு. அதில் அடுத்த எண் வரும்வரை நாமேதான் சுற்ற வேண்டும். பன்னிரண்டு சதுரப் படங்கள். ஒவ்வொன்றின் பரப்பும் சாதாரண 35 மில்லிமீற்றர் படத்தைப்போல் மூன்றரை மடங்குக்கு மேல். முகத்தின் ஒவ்வொரு சுருக்கமும் அதில் நிற்கும்.

பன்னிரண்டுதான் என்பது எனக்குப் பெருமையாக இருந்தது. கைபேசியில் நூறு எடுத்துத் தொண்ணூற்றொன்பதை அழிப்பவர்களை இளக்காரமாகப் பார்த்தேன். ஒரு முகத்துக்கு ஒரு படம் போதும் என்று நண்பர்களிடம் பேசித் திரிந்தேன். சுருள் கட்டாரிலிருந்து மச்சான் கொண்டுவந்தது, இரண்டே இரண்டு என்ற உண்மையை அந்தப் பேச்சில் சேர்ப்பதில்லை.

மருதமுனையில் எனக்கு உறவுமுறையில் ஒரு சாச்சா இருந்தார். நெசவாளி. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபோது அவருடைய மனைவியின் படம் உட்பட வீட்டிலிருந்த அத்தனை படங்களும் போய்விட்டன. மிஞ்சியது சட்டைப்பையில் இருந்த அடையாள அட்டை ஒன்றுதான். "அதுல கள்ளனப் போல இரிக்கன் மகன். மௌத்தாக முந்தி நல்ல படம் ஒண்டு வேணும்" என்றார்.

விறாந்தையில் கதிரையைப் போட்டு உட்காரவைத்தேன். துவாரம் 5.6, வேகம் 125இல் ஒன்று. ஏழாவது படம். ஒரேயொருமுறை அழுத்தினேன். "அந்தப் போன்லயும் ஒண்டு எடுங்களன்" என்று கேட்டார். "வேணாம் சாச்சா, இதுல எடுத்தாத்தான் நிலைக்கும்" என்றேன். கைபேசி என் சட்டைப்பையில்தான் இருந்தது.

பிறகு அவரது தறியையும் ஒரு படம் எடுத்தேன். இடையில் சுருளைச் சுற்ற மறந்துவிட்டேன். சில கமெராக்கள் சுற்றாமல் அழுத்த விடமாட்டா. லூபிட்டலில் மூடியை இழுத்து வைப்பது வேறு, சுருளைச் சுற்றுவது வேறு, தடுப்பதற்கு ஒன்றுமில்லை.

அன்றிரவே கழுவியிருந்தால் மறுநாள் போய்த் திரும்ப எடுத்திருப்பேன். ஐந்து படங்கள் மிச்சமிருந்தன. வீணாக்க மனம் வரவில்லை. மூன்று வாரங்களில் சாச்சா மௌத்தானார். ஜனாஸாவுக்குப் போய்வந்த பிறகே, கலவையை ஐஸ்கட்டி சூழவைத்து இருபது பாகைக்கு இறக்கி, சுருளைக் கழுவினேன். ஏழாவது சதுரத்தில் அவர் முகத்தின்மேல் தறியின் இழைகள் ஓடின. ஒரு கண் முழுவதும் மறைந்துவிட்டது.

பார்த்த நண்பர்கள் இது தற்செயலாக அமைந்த கலை என்றார்கள், ஒருவர் அட்டைப்படத்துக்கே கேட்டார். பார்க்க அழகாக இருந்ததை நானும் மறுக்கவில்லை. ஆனால் சாச்சா கலை கேட்கவில்லை, முகம் கேட்டார்.

சிக்காகோவில் பிள்ளை பராமரிப்பவராக இருந்த விவியன் மையர் என்ற பெண்மணி ரோலிஃப்ளெக்ஸ் கமெராவால் தெருவில் போவோரை ஏராளமாகப் படம்பிடித்தார். பல சுருள்களைக் கழுவாமலே விட்டு 2009இல் காலமானார். அவரை எண்ணி ஆறுதல் தேடப் பார்த்தேன், முடியவில்லை. தெருவில் போனவர்கள் அவரிடம் படம் கேட்டவர்களல்லர். கேட்காதவருக்கு நாம் வேறு விதத்தில் கடன்பட்டிருக்கலாம், படம் கொடுக்கும் கடன் இல்லை. என்னிடம் ஒருவர் கேட்டார், நான் சரி என்றேன். அந்தக் கணத்திலிருந்து அந்தச் சுருள் எனக்கு மட்டும் உரியதல்ல.

பிழை விடாமல் எவரும் பழகுவதில்லை என்பதும் உண்மைதான். சுற்ற மறந்ததை நான் பெரிதாக எண்ணவில்லை, அது கையின் பிழை. போன் வேண்டாம் என்றதுதான் உறுத்துகிறது. பொறுமையும் சிக்கனமும் நான் எனக்கு விதித்துக்கொண்டவை. அவற்றுக்குச் செலவு அவருடையதாகப் போயிற்று. ஒருவன் தன் நோன்புக்காக அயலவனைப் பட்டினி போடலாமா?

நாற்பது கழிந்து அவரது வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். மகள் ஒன்றும் பேசாமல் உள்ளே போய்ச் சட்டமிட்ட படமொன்றைக் கொண்டுவந்தார். அன்று பக்கத்தில் நின்ற பேரன் தன் கைபேசியில் எடுத்தது. சாச்சா தொப்பி சற்றுச் சரிந்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு எதையோ பார்க்கிறார். குனிந்திருந்த என் வழுக்கைத் தலையைத்தான் பார்த்தாராம். அதை வெட்டிவிட்டு அச்சிட்டிருந்தார்கள். ஓரத்தில் என் முழங்கை மட்டும் கொஞ்சம் மிஞ்சியிருந்தது.