கைக்கு வராததைத் துறத்தல்

வினையின் பயனில் பற்று வைக்கலாகாது என்னும் கீதையின் போதனை, 'கர்மபலத் தியாகம்', அதாவது வினைப்பயன் துறத்தல், என்ற பெயரில் இந்திய மெய்யியல் மரபில் எண்ணற்ற உரைகளைப் பெற்றிருக்கிறது. எனினும் அவ்வுரைகள் துறப்பவரின் மனநிலையை ஆராய்ந்த அளவுக்கு, துறக்கப்படும் பயன் முதலில் அவர் கைக்கு வந்து சேர்ந்ததா என்பதை ஆராய்ந்ததாகத் தெரியவில்லை. நாள் முழுதும் மண் சுமந்துவிட்டு, விளைந்ததெல்லாம் நிலவுடைமையாளரின் களஞ்சியத்துக்குப் போக, அரைவயிற்றுக் கூலியோடு வீடு திரும்பும் ஒருவரிடம் பயனைத் துறந்துவிடு என்று சொன்னால், அவரிடமிருந்து பறிபோனதற்குத் தானம் என்று பெயர் சூட்டியதாகவே ஆகும். உடைமையாக இருந்த ஒன்றைத்தான் துறக்க முடியும். கேரளத்தின் வடமலபாரில் நூறாண்டுகளாக இயங்கிவரும் ஒரு கூலித் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தின் வரலாற்றை இந்தக் கண்கொண்டு பார்த்தால், நூல்களில் எளிதில் அகப்படாத ஒரு விடை அதில் கிடைக்கிறது.

ஊராளுங்கல் தொழிலாளர் ஒப்பந்தக் கூட்டுறவுச் சங்கம் என்று இன்று அறியப்படும் அவ்வமைப்பு, 1925இல், வடகரைக்கு அருகிலுள்ள காரக்காடு என்னும் ஊரில், பதினான்கு பேரால் தொடங்கப்பட்டது. அப்பகுதி அன்று சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அதன் தோற்றுவாய் தொழிற்சங்க அரசியலில் இல்லை, அத்வைதத்தில் இருக்கிறது என்பதே இங்குக் கருதத்தக்கது. கண்ணூர்ப் பக்கத்துப் பாட்டியத்தில் 1885இல் வயலேரி குஞ்ஞிக்கண்ணனாகப் பிறந்து, வாக்படானந்தர் என்று பெயர் பெற்ற துறவி, 1917இல் ஆத்மவித்யா சங்கத்தை நிறுவினார். எல்லா உடல்களிலும் உறையும் ஆன்மா ஒன்றே என்றால் சாதிக்கு இடமேது, உருவ வழிபாட்டுக்கும் ஏழைகளைக் கடனாளியாக்கும் சடங்குகளுக்கும் தேவையேது என்று அவர் கேட்டார். அக்கேள்வியை ஏற்றுக்கொண்ட காரக்காட்டு எளிய மக்களுக்கு ஊர்ப் பெரியவர்கள் தந்த தண்டனை பெரிது: வேலை மறுக்கப்பட்டது, கடன் மறுக்கப்பட்டது, பிள்ளைகளுக்குப் பள்ளியும் மறுக்கப்பட்டது. மறுக்கப்பட்ட ஒவ்வொன்றையும் அவர்கள் தாங்களே அமைத்துக்கொள்ள நேர்ந்தது. பள்ளியும், கடன் தரும் நாணயச் சங்கமும் அப்படித்தான் பிறந்தன, வேலைக்காக இந்தக் கூலிக்காரர் சங்கமும் அப்படியே பிறந்தது.

அத்வைதத்தில் நெடுங்காலமாக ஒரு பிரிவினை உண்டு. பாரமார்த்திகம் எனப்படும் முடிவான உண்மை நிலையில் பேதமில்லை. வியாவகாரிகம் எனப்படும் உலக நடப்பு நிலையில் பேதங்கள் இருக்கத்தான் செய்யும். இப்பிரிவினை தத்துவத்துக்குத் தேவையான ஒன்றே. ஆனால் ஒருமையை ஏட்டிலும் தீண்டாமையைத் தெருவிலும் ஒருசேரப் பேணுவதற்கு அதுவே புகலிடமாகவும் பயன்பட்டது என்பதை மறைப்பதில் பொருளில்லை. வாக்படானந்தரின் சிறப்பு, அந்தச் சுவரின் ஒருபுறம் கண்ட உண்மையை மறுபுறத்துக்கும் கொண்டுவர முனைந்ததில் இருக்கிறது. 'எனது' என்னும் உணர்வை, அதாவது மமகாரத்தை, அழிக்கச் சொல்லும் ஒரு தத்துவத்தின் வழிவந்தவர்கள், 'இது எங்களது' என்று சொல்லிக்கொள்ளும் ஒரு சங்கத்தை நிறுவியது முதற்பார்வைக்கு முரணாகவே தோன்றும். 'எனது' என்பதற்கும் 'எங்களது' என்பதற்கும் இடையில் மாறியது எண்ணிக்கை மட்டும்தானா, அல்லது பற்றின் தன்மையே மாறிவிட்டதா என்பதில்தான் முரண்பாட்டின் முடிச்சு இருக்கிறது.

உடைமையும் பற்றும் குறித்த இதே கேள்வியை வேறு திசையிலிருந்து அணுகியவர் காந்தி. 1937 ஜனவரியில் திருவிதாங்கூரில் பயணம் செய்தபோது, அனைத்திலும் இறைவன் உறைகிறான், ஆதலால் துறந்து துய்க்க வேண்டும், பிறர் பொருளை விரும்பலாகாது என்ற கருத்துடைய ஈசாவாஸ்ய உபநிடதத்தின் முதல் மந்திரத்தை அவர் மேடைதோறும் விளக்கினார். செல்வர் தம் செல்வத்தைச் சமூகத்தின் சார்பில் காத்துவரும் அறங்காவலராக வாழ வேண்டும் என்னும் தர்மகர்த்தாக் கொள்கைக்கு அம்மந்திரம் அவரிடம் வேராக அமைந்தது. உயர்ந்த கொள்கைதான், ஆயினும் அதில் துறக்கும் பெருமை உடையவருக்கே கிடைக்கிறது, இல்லாதவர் பெறுபவராகவே நின்றுவிடுகிறார். காரக்காட்டுச் சங்கம் இல்லாதவரையும் தம் உழைப்பின் பயனுக்கு உரியவராக்கி, அதனால் துறக்கத் தகுதியுள்ளவர் ஆக்கியது. மெய்யியல் நோக்கில் அதுவே ஒரு படி மேலானது என்று கொள்ளலாம்.

சாலையும் பாலமும் கட்டி வளர்ந்த அச்சங்கம், நிலத்தோற்ற வடிவமைப்பிலும், அதாவது நிலம், நீர், மரம், நடைபாதை, இருக்கை ஆகியவற்றை ஓர் ஒழுங்கில் இணைத்துப் பொதுவிடத்தை உருவாக்கும் கலையிலும், இறங்கியது. இரிங்ஙலில் ஆற்றங்கரையில் 2011இல் திறக்கப்பட்ட சர்காலயா கைவினைக் கிராமம் அவ்வகையில் பலரும் அறிந்தது. இவ்வாய்வுக்கு அதைவிட நெருக்கமானது, காரக்காட்டிலேயே, கேரளச் சுற்றுலாத் துறையின் சுமார் 2.80 கோடி ரூபாய்ச் செலவில், ஊராரின் கருத்தையும் கேட்டு அமைக்கப்பட்டு, 2021 ஜனவரியில் திறக்கப்பட்ட வாக்படானந்தர் பூங்கா. சங்கத்தின் முன்னோருக்கு வேலை மறுத்த அதே ஊரின் தெருவில் திறந்த மேடையும் விளையாட்டுத் திடலும் சிறுவர் பூங்காவும் அமைந்துள்ளன. பார்வையற்றோர் தடம் அறிந்து நடக்கும் ஓடுகளும் நடைபாதையில் பதிக்கப்பட்டுள்ளன. அத்தகைய ஓட்டில் நீண்ட மேடுகள் இருந்தால் நேரே செல்லலாம் என்றும், வட்டப் புள்ளிகள் இருந்தால் நின்று கவனிக்க வேண்டும் என்றும் பொருள். நூல் பிடித்து, ரசமட்டம் வைத்து, மரச்சுத்தியலால் தட்டித் தட்டி அதைப் பதிப்பவரின் கை விரலளவு பிசகினாலும், என்றோ ஒருநாள் அவ்வழி வரும் ஒருவரின் கைத்தடி தவறான திசையைப் படிக்கும். கைத்தடியோடு வரப்போகும் அந்த ஒருவரைப் பதிப்பவர் அறியமாட்டார். அவர் நன்றி சொல்லவும் வழியில்லை. கட்டடத்துக்குக் கதவும் உரிமையாளரும் உண்டு. பூங்காவோ முடிந்த அன்றே எல்லாருடையதாகிவிடுகிறது, நட்ட மரத்தின் முழு நிழல் நட்டவருக்குக் கிட்டாமலும் போகலாம். வினைப்பயன் துறத்தல் இங்கு ஒரு மனப்பயிற்சியாக மட்டும் நிற்பதில்லை. தொழிலின் இயல்பிலேயே கலந்துவிடுகிறது. ஆனால் இத்துறவு துறவாக நிற்பதற்குக் காரணம், ஓடு பதிப்பவர் தம் கூலிக்கும் இலாபப் பங்குக்கும் வாக்குரிமைக்கும் உரியவராய், எந்த ஒப்பந்தத்தை ஏற்பது என்று முடிவு செய்யும் குழுவைத் தேர்ந்தெடுப்பவராய் இருப்பதே.

இதைச் சொன்ன பிறகு சொல்லாமல் விடக்கூடாத ஒன்று இருக்கிறது. சங்கத்தின் பங்கு மூலதனத்தில் மாநில அரசும் பங்கு வைத்திருக்கிறது. ஆயினும் நிர்வாகக் குழு தொழிலாளி உறுப்பினர்களால் தேர்ந்தெடுக்கப்படுவதாலும், அக்குழுவினரும் தொழிலாளிகளாகவே இருந்து வேலைத்தலங்களோடு நாள்தோறும் தொடர்பு வைத்திருப்பதாலும், 'எங்களது' என்ற சொல்லின் பொருள் அங்கு பெரிதும் சேதமுறவில்லை. சிக்கல் வேறிடத்தில் உள்ளது. இன்று சங்கத்தின் வேலைத்தலங்களில் உழைப்பவர் அனைவரும் உறுப்பினர் அல்லர். தொலைவிலுள்ள மாநிலங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்து, சில பருவங்கள் உழைத்துவிட்டு ஊர் திரும்புவோர் அவர்களுள் பலர். ஒழுங்கான கூலியும் உணவும் தங்குமிடமும் கிடைத்தாலும், வாக்குரிமை இல்லாதவரை, அவர்கள் பதிக்கும் ஓடு அவர்கள் தந்ததா, அவர்களிடமிருந்து பெறப்பட்டதா என்னும் கேள்வி அப்படியே நிற்கும். 1925இல் காரக்காட்டின் பதினான்கு பேர் நிலவுடைமையாளரை நோக்கி எழுப்பிய அதே கேள்வி அது; வங்கத்திலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ ரயிலேறி வந்து, அவ்வூர் நடைபாதையின் விளிம்பில் ரசமட்டத்தோடு குந்தியிருக்கும் ஒருவர் அதை இப்போது சங்கத்தை நோக்கிக் கேட்பாரெனில், அவருக்கு விடை சொல்லும் கடமை வாக்படானந்தரின் வழிவந்தவர்களுக்கே முதலில் உரியது.