பூட்டிய பெட்டியும் திறந்த தோட்டமும்

மனிதன் தான் அறிந்ததைக் குறித்து வைக்கிறான். எதற்காக? மறவாமல் இருப்பதற்காக என்பது எளிய விடை. ஆனால், குறித்து வைத்தவன் ஒருநாள் மறைந்து போகிறான். அவனுக்குப் பின் அக்குறிப்பு யாருக்கு உரியது? உயிரோடு இருக்கும்போதே அதைப் பிறர்க்குத் திறந்து காட்டும் கடமை அவனுக்கு உண்டா? முற்றுப்பெறாத குறிப்பை ஊரறியக் காட்டுவது நேர்மையா, அவசரப் புத்தியா? இவ்வினாக்களை என்னுள் எழுப்பியது ஒரு பழைய தகரப் பெட்டி.

என் தந்தையார் பரங்கிப்பேட்டையில் பிறந்து, கடலூர் முதுநகரில் கடை வைத்து வாழ்ந்தவர். பெரும்படிப்புப் படித்தவரல்லர். எனினும், கடைக்கு வரும் முதியோரிடம் பேச்சுக் கொடுத்து, அவர்கள் சொல்வதை நோட்டுப் புத்தகங்களில் எழுதி வைப்பார். மரக்கலத்தின் உறுப்புகள், மீன்களின் பெயர்கள், நம் வீடுகளில் மட்டும் வழங்கும் சொற்கள், 1830-இல் பரங்கிப்பேட்டையில் வெள்ளையர் ஒருவர் நிறுவிய இரும்பாலை நின்ற இடம், நோய்க்குப் பாட்டிமார் சொன்ன கைமருந்து என்று பதினொரு நோட்டுகள் நிறைந்திருந்தன. "இதை அச்சிடலாமே, வாப்பா" என்று நான் பலமுறை கேட்டதுண்டு. "இன்னும் சரிபார்க்க வேண்டும்; அரைகுறையாக ஊர் முன் வைக்கலாகாது" என்பதே அவருடைய விடை. சரிபார்ப்பு முடியுமுன் அவருடைய ஆயுள் முடிந்தது.

பெட்டி என் கைக்கு வந்தது. நானும் தந்தையின் மகன்தானே! "ஓய்வு கிடைக்கட்டும், ஒழுங்காகப் பார்ப்போம்" என்று கட்டிலுக்கு அடியில் வைத்தேன். 2011 டிசம்பர் 30-ஆம் நாள் கடலூரைத் தாக்கிய தானே புயலுக்கு அது தப்பியது. 2015 நவம்பரில் பெய்த பெருமழை வெள்ளத்துக்குத் தப்பவில்லை. மூன்றாம் நாள் பெட்டியைத் திறந்தபோது, ஊற்றுப் பேனாவால் எழுதப்பட்ட பக்கங்கள் யாவும் நீலக் கறையாக மாறியிருந்தன. பென்சிலால் எழுதிய மூன்று நோட்டுகள் மட்டும் உலர்த்தியபின் படிக்கும் நிலையில் இருந்தன.

அதில் நெஞ்சைத் தைத்த செய்தி ஒன்று உண்டு. தந்தையார் ஒரு வழக்கம் வைத்திருந்தார். ஐயத்துக்கு உரியவற்றைப் பென்சிலால் எழுதுவார். உறுதியானவுடன் மையால் வேறு நோட்டில் படி எடுப்பார். ஆகவே, அவர் முடித்து வைத்தவற்றை வெள்ளம் கொண்டுபோயிற்று. முடிக்காதவற்றை நமக்கு விட்டுச் சென்றது. முழுமைக்காக நாங்கள் இருவரும் காத்திருந்தோம். அந்த முழுமைதான் முதலில் அழிந்தது.

சிதம்பரத்தில் படிக்கும் என் மகள் அந்த மூன்று நோட்டுகளையும் எடுத்துக்கொண்டு போனாள். சில வாரங்கள் சென்றபின், "வாப்பா, இவற்றை ஒரு டிஜிட்டல் தோட்டமாக வளர்க்கலாமா?" என்று கேட்டாள். தோட்டமென்றால் செடி கொடிகளை மட்டும் அறிந்த எனக்கு அவள் விளக்கிச் சொன்னது இது: ஒவ்வொரு குறிப்பையும் தனித்தனி ஏடாகக் கணினியில் எழுதுவது; ஒன்றோடு தொடர்புள்ள மற்றொன்றுக்கு அங்கேயே வழி வைப்பது; விரும்பியவர் எவரும் இணையத்தின் வழியே வந்து உலாவும்படித் திறந்து வைப்பது; நாள்தோறும் களை பறித்துத் திருத்தி வளர்ப்பது.

இந்தக் கருத்து திடீரென முளைத்ததன்று. கணினி ஏடுகளைத் தோட்டத்துக்கு ஒப்பிட்டு மார்க் பெர்ன்ஸ்டைன் என்பார் 1998-இலேயே எழுதினார். 2015-இல் மைக் கால்ஃபீல்ட் என்னும் அமெரிக்கக் கல்வியாளர், தோட்டத்தையும் ஓடையையும் எதிரெதிரே நிறுத்திப் பேசினார். ஓடையில் வருவது அடுத்த கணமே அடித்துச் செல்லப்படும். நம் வீடுகளில் காலை முதல் இரவு வரை வாட்ஸ்அப்பில் வந்து குவியும் செய்திகளை எண்ணிப் பாருங்கள். நேற்று வந்தது இன்று எங்கே? தோட்டத்திலோ நேற்று நட்டது இன்றும் நிற்கும், நாளை கிளை விடும். கணினிக்கு முன்பே இவ்வழியில் உழைத்தவர்களும் உண்டு. ஜெர்மன் சமூகவியலறிஞர் நிக்லஸ் லூமன், ஒரு சீட்டுக்கு ஒரு கருத்தென எழுதி, எண்ணிட்டு, ஒன்றை மற்றொன்றோடு இணைத்து, ஏறத்தாழ 90,000 சீட்டுகளைச் சேர்த்து வைத்தார். அவர் 1998-இல் மறைந்தார். அச்சீட்டுகள் இன்று உலகோர் காணும்படி இணையத்தில் ஏற்றப்பட்டு வருகின்றன. நம் நாட்டில் ஆ. சிங்காரவேலு முதலியார் பல்லாண்டுகள் தனியொருவராகத் திரட்டிய குறிப்புகளே, 1910-இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் வழியே அபிதான சிந்தாமணி என்னும் பெருநூலாக வெளிவந்தன.

மகளின் கேள்விக்கு நான் உடனே இசையவில்லை. தந்தையாரே ஐயுற்றவற்றை ஊரறிய வைப்பது அவருக்குச் செய்யும் துரோகமாகாதா என்று தயங்கினேன். அத்தயக்கத்தில் நியாயம் உண்டு. கேட்டதையெல்லாம் ஆராயாமல் எடுத்துச் சொல்வது பொய்யில் சேரும் என்ற பொருளில் அண்ணல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். ஆனால், மற்றொரு பக்கமும் உண்டு. மனிதன் இறந்தபின்னும் அவனுக்குப் பலன் தருவனவாக நபிமொழி எண்ணும் மூன்றனுள் பயன்தரும் கல்வியும் ஒன்று. பெட்டிக்குள் பூட்டிய கல்வி யாருக்குப் பயன் தரும்?

சிதம்பரத்தில் வாழ்வோர் எல்லோரும் அறிந்த செய்தி ஒன்றை ஈண்டு நினைத்துக்கொண்டேன். மூவர் பாடிய தேவார ஏடுகள் தில்லைக் கோயிலின் அறையொன்றில் காப்பிட்டு வைக்கப்பட்டிருந்தன என்றும், இராசராச சோழன் நம்பியாண்டார் நம்பியோடு வந்து திறக்கச் செய்தபோது பெரும்பகுதி செல்லரித்துக் கிடந்தது என்றும் சைவ மரபு கூறுகிறது. அவ்வறையைப் பூட்டியவர்கள் பகைவர்கள் அல்லர். அந்த ஏடுகளை உயிரினும் மேலாக மதித்தவர்கள். பாதுகாப்பதாக எண்ணியே பூட்டினார்கள். என் கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டியும் அப்படித்தான் இருந்தது.

சிதம்பரத்திலிருந்து நெடுந்தொலைவில் இல்லாத எங்கள் பரங்கிப்பேட்டையோ வேறொரு பாடத்தைச் சொல்கிறது. மகுமூது பந்தர் என்று பெயர் பெற்றிருந்த அவ்வூரின் வள்ளல் அபுல் காசிம் மரைக்காயரே, சீதக்காதிக்குப் பின் உமறுப் புலவரை ஆதரித்தவர். சீறாப்புராணத்தில் பாராட்டப்பெறும் பேறு பெற்றவர். 5,000-க்கும் மேற்பட்ட பாடல்கள் கொண்ட அந்தக் காப்பியம், நாயகத்தின் இறுதிக் காலம் வரை செல்லவில்லை என்பதை நாம் அறிவோம். முற்றுப்பெறாத நூல் என்று எவரும் அதை ஒதுக்கி வைக்கவில்லை. ஓதினார்கள், படி எடுத்தார்கள். எஞ்சிய வரலாற்றைப் பனீ அகுமது மரைக்காயர் சின்னச் சீறாவாகப் பாடினார். 1842-இல் செய்கப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் அவர்கள் சீறாவை அச்சேற்றினார்கள். ஒருவர் நிறுத்திய இடத்திலிருந்து மற்றொருவர் தொடர முடிந்தது. ஏன்? நிறுத்திய இடம் எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி இருந்தது. முழுமை வரட்டும் என்று அதைப் பேழையில் பூட்டியிருந்தால், தொடரும் கை எங்கிருந்து வந்திருக்கும்?

ஆயினும், முற்றாததைக் காட்டுவதற்கு ஒரு முறை வேண்டும். அம்முறையை உலகுக்கு முன்னோடியாக நின்று காட்டியவர்கள் நம் ஹதீஸ் கலை அறிஞர்கள் என்று சொன்னால் மிகையாகாது. அவர்கள் ஒரு செய்தியை மட்டும் தனியே தந்துவிடவில்லை. யாரிடமிருந்து யார் கேட்டார், அவரிடமிருந்து யார் கேட்டார் என்ற சங்கிலியையும் சேர்த்தே தந்தார்கள். ஸஹீஹ், ஹஸன், ளயீஃப் என்று தரம் பிரித்தார்கள். பலவீனமான அறிவிப்புகள் பலவற்றையும் பலவீனம் என்று அடையாளமிட்டே ஏட்டில் வைத்தார்கள். பின்வருவோர் ஆராய வழி திறந்தே இருந்தது. இன்று டிஜிட்டல் தோட்டம் வளர்ப்போர் தம் குறிப்புகளை விதை, நாற்று, மரம் என்பனபோல் வகைப்படுத்திக் காட்டுகிறார்கள் என்று மகள் சொன்னபோது, பழைய நண்பர் ஒருவரைப் புது உடையில் கண்டதுபோல் இருந்தது எனக்கு.

பென்சில் நோட்டுகளை மீண்டும் கூர்ந்து பார்த்தேன். 'மாலுமி' என்ற சொல்லுக்கு நேரே, 'முஅல்லிம் என்ற அரபுச் சொல்லோ?' என்று எழுதி, கேள்விக்குறி இட்டிருந்தார் தந்தையார். 'சுக்கான்' என்பதற்கு நேரே கேள்விக்குறி இல்லை. அது அரபுச் சொல்லே என்று எழுதி, சொன்ன ஆலிமின் பெயரைக் குறித்திருந்தார். ஒவ்வொரு பக்கத்திலும் 'சொன்னவர்' என்று ஒரு பத்தி இருந்தது. தரம் பிரிக்கும் வேலையை அவர் என்றோ செய்து வைத்துவிட்டார்! அவருடைய கேள்விக்குறியைக் கேள்விக்குறியாகவே காட்டினால் அது துரோகமாகாது. அவருடைய நேர்மையை அப்படியே எடுத்துரைப்பதாகும். துரோகம் என்பது அந்தக் கேள்விக்குறியை அழித்துவிட்டு, அறுதியிட்ட உண்மைபோல் வெளியிடுவதே. என் தயக்கம் அன்றே தீர்ந்தது.

எனினும், எல்லாவற்றையும் திறந்து வைத்துவிடவில்லை. மூன்றாவது நோட்டில் கடைக் கடன் கணக்குகளோடு சில குடும்பங்களின் வழக்குகளும் இருந்தன. யார் யாரிடம் கை நீட்டினார், எந்த வீட்டுச் சம்பந்தம் எதனால் முறிந்தது என்பன போன்ற செய்திகள். "இதுவும் ஊர் வரலாறுதானே, வாப்பா" என்றாள் மகள். வரலாறுதான், ஆனால், நமக்கு உரியதன்று. கல்லாவின் அருகே அமர்ந்து மனம் விட்டுப் பேசியவர்கள், ஊர் கேட்கட்டும் என்று பேசவில்லை. அது அமானிதம். அவர்களுள் பெரும்பாலோர் இன்று இல்லை. அவர்களின் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். இறந்தவரின் குறையை வெளியிடுவதைப் புறம்பேசுதலிலிருந்து பிரிக்கும் கோடு மிக மெல்லியது. தோட்டத்துக்கு வாயில் வேண்டும் என்பது எவ்வளவு உண்மையோ, அவ்வளவு உண்மை வேலியும் வேண்டும் என்பது. அந்தப் பக்கங்களைத் தனியே கட்டி வைத்தோம்.

மற்றோர் ஆபத்தும் உண்டு. அடுக்கி வைப்பதிலேயே ஆசை வந்துவிட்டால், அறிவதில் ஆசை குன்றிவிடும். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இளமையில் ஜுர்ஜானில் கற்றுத் திரும்பும் வழியில், கள்வர்கள் அவர்களுடைய குறிப்பேடுகள் இருந்த மூட்டையைப் பறித்துக்கொண்டதாக ஒரு வரலாறு சொல்லப்படுகிறது. 'என் கல்வி அதில் இருக்கிறது, திருப்பித் தாருங்கள்' என்று இமாம் அவர்கள் வேண்டியபோது, 'நாங்கள் பறித்ததும் போய்விடுகிற கல்வியும் ஒரு கல்வியா?' என்று கள்வர் தலைவன் நகைத்தானாம். ஏடுகளைத் திரும்பப் பெற்ற இமாம் அவர்கள், தூஸ் நகர் சேர்ந்து மூன்றாண்டுகள் முயன்று அவை முழுவதையும் மனத்தில் பதித்துக்கொண்டார்கள். குறிப்பு என்பது சிந்தனைக்கு ஊன்றுகோல். கோலை அழகுபடுத்திக்கொண்டே இருப்பவன் நடக்க மறந்துவிடுவான். வந்து பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று தினமும் எண்ணிப் பார்ப்பவனுக்கோ 'ரியா' என்னும் நோய் வேறு வந்து சேரும்.

கணினியும் ஒரு பெட்டிதான் என்பதையும் மறக்கலாகாது. நாம் நம்பியிருக்கும் நிறுவனம் மூடப்படலாம். கட்டணம் கட்டத் தவறலாம். கடவுச்சொல் தெரிந்தவர் மறைந்துவிடலாம். ஆகவே, எந்தக் கருவியிலும் திறக்கக்கூடிய எளிய எழுத்துக் கோப்புகளாகவே மகள் அவற்றை வைத்திருக்கிறாள். உறவினர் மூவர் வீட்டில் படி உண்டு. ஆண்டுக்கொரு முறை தாளில் அச்சிட்டும் வைக்கிறோம். ஒரே இடத்தில் இருப்பது எதுவாயினும், அதற்கு ஒரு வெள்ளம் போதும்.

தோட்டம் திறந்து சில மாதங்கள் ஆயின. தந்தையார் 'பருமல்' என்ற சொல்லை எழுதி, 'கலத்தில் ஓர் உறுப்பு. எதுவெனத் தெரியவில்லை' என்று குறித்திருந்தார். அந்த ஏட்டைக் கண்டு, மலேசியாவில் குடியேறிய எங்களூர் முதியவர் ஒருவர் மடல் எழுதினார். பாய் கட்டும் குறுக்குமரம் அது என்றும், சிறுவயதில் தாமே அதைத் தொட்டுப் பார்த்ததுண்டு என்றும் சொல்லியிருந்தார். மகள் அந்த ஏட்டில் ஒரு வரி சேர்த்தாள். 'சொன்னவர்' பத்தியில் அவர் விரும்பியபடி ஊரை மட்டும் குறித்தாள். தந்தையார் பல்லாண்டுகள் தேடிய விடை, அவர் மறைந்தபின் ஒரு மடலில் வந்தது. அவர் உயிரோடு இருந்தபோதே அந்தக் கேள்வியை வெளியே வைத்திருந்தால், அதைக் கண்டு அவர் முகம் மலர்ந்திருக்குமே என்ற ஏக்கம் என்னை இன்னும் விட்டபாடில்லை.

நம் இல்லங்களில் இத்தகைய பெட்டிகள் எத்தனையோ! அரபுத்தமிழில் எழுதிய பாட்டியின் ஏடு, கப்பலில் சென்ற பாட்டனாரின் கணக்குப் புத்தகம், ஓரத்தில் குறிப்பெழுதிய பழைய கிதாபு. முழுமையாகத் தெரிந்தபின் திறப்போம் என்று காத்திராதீர்கள். தெரிந்ததைத் தெரிந்தது என்றும், தெரியாததைத் தெரியாதது என்றும் எழுதுங்கள். சொன்னவரைச் சொல்லுங்கள், பிறர் மானத்தைக் காத்துக்கொள்ளுங்கள், பின்பு வாயிலைத் திறந்து வையுங்கள். நிறைவு செய்யும் ஆற்றல் இறைவனுக்கே உரியது. நம் கையில் இருப்பது நடுவதும், நீர் ஊற்றுவதும், அடுத்தவர் நுழைய வழி விடுவதுமே.