கிழித்த தாள்கள்



போன வாரம் மறைக்கல்வி வகுப்பில் ஒரு சிறுமி தன் கட்டுரை நோட்டை என்னிடம் காட்டாமல் மறைத்தாள். எட்டிப் பார்த்தேன். நடுவில் நாலு தாளைக் காணோம். "ஒரே சிவப்பு மை ஃபாதர், அதான் கிழிச்சிட்டேன்" என்றாள்.

நம்மிடமும் அப்படிக் கிழித்துப்போட நினைக்கும் பக்கம் ஒன்றாவது இருக்கும், இல்லையா? வீட்டாருக்குக்கூடத் தெரியாமல் எதை மடித்து வைத்திருக்கிறோம்?

இன்று நாம் விழா கொண்டாடும் புனித அகுஸ்தினார், ஆயராகும் முன்பு வாத்தியார். கார்த்தேஜ், ரோமை, மிலான் நகரங்களில் சொல்வன்மை கற்பித்தவர். ரோமையில் பிள்ளைகள் பாடத்தைக் கேட்டுவிட்டு, ஃபீஸ் கட்டும் நேரத்தில் வேறு ஆசிரியரிடம் போய்விடுவார்களாம். (நம் பங்கின் டியூஷன் டீச்சர்கள் ஆறுதல் அடையலாம்!)

நாற்பது வயதைத் தாண்டியபின் தன் கதையை ஆண்டவரிடமே சொல்வதுபோல் எழுதினார். நினைவை ஒரு பெரிய மாளிகை என்கிறார். அங்கே, விர்ஜிலின் காவியத்து அரசி செத்ததற்கு அழுத பள்ளிச் சிறுவன் இருக்கிறான். பசிக்காமலே பேரிக்காய் திருடியவன் இருக்கிறான். சிசரோவின் நூலைப் படித்து, 19 வயதில் ஞானத்தின்மேல் தாகம் கொண்டவன் இருக்கிறான். தாய் மோனிக்காவிடம் பொய் சொல்லி, இரவோடு இரவாகக் கப்பல் ஏறிய மகனும் இருக்கிறான். ஒருவனையும் அவர் ஒளித்து வைக்கவில்லை.

மிலானில் ஆயர் அம்புரோசியாரின் மறையுரைக்குப் போனதுகூட பக்தியால் அல்ல. பேச்சு எப்படி என்று பார்க்கத்தான். சொல்லழகை ரசிக்கப் போனவருக்குள், அவர் அறியாமலே பொருளும் நுழைந்துவிட்டது. 387-இல் பாஸ்கா திருவிழிப்பன்று அதே அம்புரோசியாரின் கையால் திருமுழுக்குப் பெற்றார். அரைமனதோடு திருப்பலிக்கு வந்து, கடைசி வரிசையில் நிற்கும் தம்பிமாரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் நினைவுக்கு வரும். வந்து நில்லுங்கள், போதும்.

பிரியமானவர்களே, ஒப்புரவு அருட்சாதனத்துக்கு வர உங்களில் சிலர் தயங்குவது எனக்குத் தெரியும். சிவப்பு மைக்குப் பயம். ஆனால் அங்கே உட்கார்ந்திருக்கும் நானும் திருத்தம் விழுந்த நோட்டுதான். ஆண்டவர் மதிப்பெண் போட உட்காரவில்லை. நாம் கிழித்த தாளையும் வாங்கிப் படிக்கிற தகப்பன் அவர்.

முதுமையில் அகுஸ்தினார் தாம் எழுதிய நூல்களை எடுத்து மறுபடி படித்து, பிழைகளைத் தாமே குறித்து வைத்தார். 430-இல், வாண்டல் படைகள் அவர் ஆயராக இருந்த ஹிப்போ நகரை முற்றுகையிட்டிருந்த நாள்களில், காய்ச்சலோடு படுத்துவிட்டார். தாவீதின் மனவருத்தத் திருப்பாடல்களை எழுதிச் சுவரில் ஒட்டச் சொன்னார். படுத்தபடியே அவற்றைப் படித்துப் படித்து அழுதார். ஆகஸ்ட் 28 அன்று கண்களை மூடினார். அந்த நாள்தான் இன்று.