மூழ்கிய நகையின் விலை

நகைக்கடையின் படியேறுமுன் அடகுக்கடையில் ஒரு வார்த்தை விசாரித்து வைப்பது தென்காசி வட்டாரத்துக் குடும்பங்கள் பலவற்றில் நாம் காணும் வழக்கம். “மூழ்கிப்போன உருப்படி ஏதும் இருக்கிறதா?” என்று கேட்பார்கள். குறித்த தவணைக்குள் திருப்பப்படாமல் போன நகையைத்தான் நம் மக்கள் ‘மூழ்கிய நகை’ என்கிறார்கள். புது நகைக்குச் செய்கூலி, சேதாரம், வரி எனப் பொன்னின் விலைக்கு மேலும் கொடுத்தாக வேண்டும். மூழ்கிய நகையோ பொன்னின் விலைக்கே கிடைக்கிறது. சில வேளைகளில் அதற்கும் குறைவாகக் கிடைக்கிறது. 2025 ஜனவரியில் ஒரு சவரன் 60,000 ரூபாயைத் தாண்டி, அதன் பின்னும் ஏறிக்கொண்டே சென்றது. இந்நிலையில், மகளின் திருமணத்திற்கு நான்கு சவரன் சேர்க்கத் தவிக்கும் தந்தை இவ்வழியை நாடுவதில் வியப்பொன்றுமில்லை.

ஆயினும் வாங்கியவர் மனம் முழுமையாக அமைதி அடைவதில்லை. “சாமி, பிறர் கண்ணீர் பட்ட நகையை வாங்கலாமா?” என்ற கேள்வி பங்குகளில் அவ்வப்போது எழுகிறது. இதற்கு இரண்டு விடைகள் எளிதாகச் சொல்லப்படுகின்றன. ‘உருக்கி வேறு நகையாகச் செய்துகொண்டால் தோஷமில்லை’ என்பது ஒன்று. ‘கடன் வாங்கியவர் திருப்பவில்லை, கடைக்காரர் விற்கிறார், நாம் காசு கொடுத்து வாங்குகிறோம், இதில் குற்றம் எங்கே?’ என்பது மற்றொன்று. முதல் விடை தீமையைப் பொன்னில் தேடுகிறது. இரண்டாவது விடை, தேட வேண்டியது எதுவுமே இல்லை என்கிறது. இரண்டுமே கேள்வியைத் தவறவிடுகின்றன என்பது நமது கருத்து. பொன்னுக்குப் பாவமும் இல்லை, புண்ணியமும் இல்லை. நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது, அந்த விலை எப்படிக் குறைந்தது என்பதையே.

முதலில், நகைகள் அடகுக்கடைக்குச் செல்லும் வழியைப் பார்ப்போம். ஆடம்பரத்திற்காக அடகு வைப்போர் சிலர் இருக்கலாம். ஆனால் நம் பகுதியில் பொன் என்பது ஏழையின் வங்கிக் கணக்கு. கார் சாகுபடிக்கும் பிசானத்திற்கும் வித்தும் உரமும் வாங்க வேண்டிய நாளில் வளையல் கழற்றப்படுகிறது. ஜூன் மாதத்தில் பள்ளிக் கட்டணத்திற்காகக் கம்மல் போகிறது. பீடி சுற்றும் கைகளில் வாரக் கூலி தடைப்படும்போது மோதிரம் போகிறது. குற்றாலத்தில் சாரல் தொடங்குமுன் கடை பிடிக்கவும் சரக்கு எடுக்கவும் சங்கிலியை வைத்துப் பணம் பெறும் சிறு வணிகர்கள் உண்டு. பேரருவியிலும் ஐந்தருவியிலும் தண்ணீர் விழுந்து, கூட்டமும் வந்தால் நகை திரும்பும். மழை பொய்த்தாலும், வெள்ளம் மிகுந்து குளிக்கத் தடை விதிக்கப்பட்டாலும் கணக்குத் தவறிவிடும். நோய்த்தொற்றின் காரணமாக 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளின் சாரல் காலங்களிலும் அருவிகளில் குளிக்க அனுமதி இல்லை. அருவியை நம்பி அடகு வைத்தவர்கள் எந்தக் குற்றமும் செய்யவில்லை. ஆனால் அவர்கள் நகைக்கும் தவணை ஓடிக்கொண்டுதான் இருந்தது.

இனி, மலிவு எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். அதற்கு மூன்று ஊற்றுகள் உண்டு. முதலாவது, செய்கூலியும் சேதாரமும் கழிந்துபோவது. ஒருமுறை அணிந்த நகைக்குப் புது நகையின் விலை கிடைக்காது என்பது வாங்குபவர், விற்பவர் இருவருமே அறிந்தது. இம்மலிவில் குறை காண ஒன்றுமில்லை. இரண்டாவது, உடையவரின் அறியாமை. பாட்டியின் பாம்படத்தில் எவ்வளவு பொன் இருக்கிறது, அரக்கு எவ்வளவு என்று அறியாமல் கடையில் கொடுத்தவர் உண்டு. மூன்றாவது, உடையவரின் நெருக்கடி. தவணை முடிந்த நகை விற்றே தீர வேண்டிய நகை; ஆகவே குறைத்துக் கேட்கலாம் என்று வாங்குபவர் எண்ணுகிறார். இந்த இரண்டாவது, மூன்றாவது ஊற்றுகளிலிருந்து வரும் மலிவைப் பற்றித்தான் நம் மனச்சான்று கேள்வி எழுப்ப வேண்டும்.

ஏனெனில் இங்கே பலரும் அறியாத உண்மை ஒன்று இருக்கிறது. மூழ்கிய நகையை நாம் பேரம் பேசிக் குறைத்தால் கடைக்காரரின் இலாபம்தான் குறைகிறது என்று நினைக்கிறோம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. அடகுப் பொருளை விற்கும்போது அசலும் வட்டியும் போக மிஞ்சும் தொகை அடகு வைத்தவருக்கே சேர வேண்டும் என்று 1872 ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் தன் 176 ஆம் பிரிவில் விதிக்கிறது. விற்குமுன் அவருக்குத் தக்க அறிவிப்புத் தர வேண்டும் என்பதும் அதே பிரிவின் விதியே. விற்பனை நடந்து முடியும் கணம் வரை கடனைச் செலுத்திப் பொருளைத் திருப்பிக்கொள்ளும் உரிமையை அடுத்த பிரிவு அவருக்குத் தருகிறது. அடகுக்கடைகளை ஒழுங்குபடுத்த நம் மாநிலத்தில் 1943 முதலே தனிச்சட்டமும் உண்டு. 2025 ஜூனில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட நெறிமுறைகளோ, ஏலத்தொகை முழுவதும் கைக்கு வந்த 7 வேலை நாள்களுக்குள் உபரியைக் கடனாளியிடம் ஒப்படைக்கும்படி வங்கிகளையும் நிதி நிறுவனங்களையும் பணிக்கின்றன.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 1,20,000 ரூபாய் மதிப்புள்ள சங்கிலியை வைத்து ஒரு பெண் 80,000 ரூபாய் பெற்றார். வட்டியும் செலவும் சேர்ந்து கடன் 92,000 ஆயிற்று என்று கொள்வோம். சங்கிலி உரிய மதிப்புக்கு விலைபோனால் அவருக்கு 28,000 ரூபாய் திரும்ப வர வேண்டும். ஏலம் கேட்போர் கூடிப்பேசி 1,00,000 ரூபாயில் முடித்துவிட்டால் அவருக்கு வருவது 8,000 மட்டுமே. வாங்கியவர் ‘மிச்சம்’ என்று மகிழும் 20,000 ரூபாய், அங்கே இல்லாத அந்தப் பெண்ணின் கையிலிருந்து எடுக்கப்பட்டது. கடைக்காரருக்கு ஒரு காசும் குறையவில்லை. நாம் பேரம் பேசியது கடைக்காரரோடு. ஆனால் தோற்றவரோ அந்தப் பெண். நாளிதழில் வரும் ஏல அறிவிப்பில் அவர் ஒரு கணக்கு எண்ணாக மட்டுமே இருக்கிறார். முகம் தெரியாததால் இழப்பு இல்லாமல் போய்விடுமா? ஏலமே நடவாமல் கடைக்குள்ளேயே நகை கை மாறுமானால் இழப்பு இன்னும் பெரிது; உபரி என்று ஒன்று இருப்பதையே அவர் அறியமாட்டார்.

இக்கேள்வி புதியதன்று. புனித அகுஸ்தினார் ‘திரித்துவம்’ என்னும் நூலில் ஒரு நடிகனின் கதையைக் குறிப்பிடுகிறார். ஒவ்வொருவர் மனத்திலும் இருக்கும் ஆசையைச் சொல்லிவிடுவதாக அவன் அரங்கில் அறிவித்தானாம். கூட்டம் கூடியதும், மலிவாக வாங்கவும் அதிக விலைக்கு விற்கவும் எல்லாரும் விரும்புகிறார்கள் என்றானாம், கூட்டம் ஆர்ப்பரித்ததாம். இது எல்லார்க்கும் பொதுவான குறையாகத் தோன்றலாம், ஆனால் வெல்ல முடியாத குறையன்று என்று காட்ட அகுஸ்தினார் தாம் அறிந்த ஒருவரை முன்வைக்கிறார். அவரிடம் ஒரு நூற்பிரதி விலைக்கு வந்தது. அதன் அருமை அறியாத விற்பனையாளர் மிகச் சிறிய தொகை கேட்டார். அவரோ, விற்றவர் எதிர்பாராத வகையில், அதன் உண்மையான விலையை எண்ணிக் கொடுத்தார்.

புனித தாமஸ் அக்குவினாஸ் தமது ‘இறையியல் தொகுப்பில்’ நீதியான விலையைப் பற்றி ஆராய்கையில் இன்னொரு படி மேலே செல்கிறார். வாங்குபவருக்கு ஒரு பொருள் மிக அவசரமாகத் தேவைப்படுகிறது என்பதற்காக விற்பவர் விலையை உயர்த்தலாகாது. ஏனெனில் அந்தத் தேவை விற்பவருடைய உடைமையன்று, தமக்கு உரியதல்லாததை அவர் எப்படி விற்பார் என்பது அவர் வாதத்தின் சாரம். இதையே திருப்பிப் பார்த்தால் நமக்கான நெறி கிடைக்கிறது. உடையவரின் நெருக்கடி நமது உடைமையன்று. அதை இலாபமாக மாற்றிக்கொள்ளும் உரிமை நமக்கு எவ்வாறு வந்தது?

இதற்கு மறுப்புச் சொல்வோர் உண்டு. ‘மூழ்கிய நகையை வாங்க ஆளில்லை என்றால் அடகின்மேல் கடன் கொடுப்பவர் யார்? ஏழைக்கு அவசரத்தில் உதவும் ஒரே கதவும் அடைபடுமே!’ என்பார்கள். இது நேர்மையான மறுப்பு. இதில் உண்மையும் இருக்கிறது. வாங்குபவரும் பெரும்பாலும் செல்வர் அல்லர் என்பதையும் நாம் மறக்கவில்லை. ஆகவே வாங்குவது பாவம் என்று நாம் சொல்லவில்லை. வாங்குபவர் வேண்டும், போட்டியிட்டு உரிய விலை கேட்பவர் இன்னும் அதிகமாக வேண்டும். செய்கூலி மிச்சமாவது அவருக்குப் போதுமான ஊதியம். அதற்கும் கீழே, பொன்னின் மதிப்பையே உடைத்துக் கேட்கும்போதுதான் ஓர் ஏழையின் தேவை இன்னோர் ஏழையின் இழப்பால் நிரப்பப்படுகிறது.

அடகைப் பற்றித் திருமறை பேசுவதையும் நினைவிற் கொள்வோம். கடன் கொடுத்தவர் அடகுப் பொருளை எடுக்க மற்றவரின் வீட்டுக்குள் நுழையலாகாது, வெளியே நிற்க வேண்டும் என்கிறது இணைச்சட்ட நூல். மாவரைக்கும் எந்திரக் கல்லை அடகாக வாங்குவது உயிரையே அடகாக வாங்குவதற்கு ஒப்பு என்றும், ஏழையின் மேலாடையைக் கதிரவன் மறையுமுன் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றும் அது கட்டளையிடுகிறது. அடகு வாங்கிய ஆடைகளை விரித்துப் பலிபீடங்களின் அருகே சாய்ந்திருப்போரை இறைவாக்கினர் ஆமோஸ் கடிந்துகொள்கிறார். அடகு வாங்குவதை இந்நூல்கள் முற்றிலும் தடைசெய்யவில்லை என்பது கருதத்தக்கது. அடகு வைத்தவர் மனிதர் என்பதை மறப்பதையே அவை தடைசெய்கின்றன.

திருச்சபையின் வரலாற்றிலும் இதற்கு முன்மாதிரி உண்டு. இத்தாலியின் பெரூஜியா நகரில் 1462 இல் பிரான்சிஸ்கன் துறவியரின் தூண்டுதலால் ‘இரக்கத்தின் நிதி’ எனும் பொருளுடைய அடகு நிலையம் தொடங்கப்பட்டது. ஏழைகளின் பொருளை அடகாகப் பெற்று, நிலையத்தின் செலவை ஈடுசெய்யும் அளவுக்கே சிறு தொகை வாங்கிக் கடன் தந்தார்கள். இத்தகைய நிலையங்களை 1515 இல் ஐந்தாம் இலாத்தரன் சங்கம் ஏற்றுக்கொண்டது. அவற்றைப் பரப்பிய மறையுரைகளில் யூத மக்கள்மீது பகைமை மூட்டிய பேச்சும் கலந்திருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. அது நாம் வருந்த வேண்டிய பகுதி. ஆயினும், ஏழையின் அடகு ஊரார் அனைவரின் பொறுப்பு என்ற எண்ணம் இன்றும் நமக்குப் பயன்படும்.

நம் மொழியில் ‘மீட்பு’ என்ற சொல் அடகிலிருந்து நகையைத் திருப்புவதையும் குறிக்கிறது. ஆண்டவர் நமக்குப் பெற்றுத் தந்த வாழ்வையும் குறிக்கிறது. விவிலியத்திலும் இச்சொல்லின் பின்னணி அதுவே: வறுமையால் ஒருவர் விற்ற நிலத்தை நெருங்கிய உறவினர் மீட்டுத் தர வேண்டும் என்று லேவியர் நூல் கூறுகிறது. மீட்பரை நாள்தோறும் அழைக்கும் நாம், அண்டை வீட்டாரின் தாலிச் சங்கிலி ஏலத்துக்கு வருவதை அறிந்தும் அது என்ன விலைக்குப் போகும் என்று மட்டும் விசாரிப்பது பொருந்துமா?

செய்யக்கூடியவை பெரிய காரியங்கள் அல்ல. வாங்குபவர் அன்றைய பொன் விலையை அறிந்து, அதற்கு ஏற்பக் கேட்கட்டும். ரசீது இல்லாமல் வாங்காதிருக்கட்டும். நம்ப முடியாத மலிவாக வருவது திருட்டு நகையாகவும் இருக்கலாம். அடகு வைத்தவர் சீட்டைப் பத்திரமாக வைத்திருக்கட்டும்; ஏலம் முடிந்தால் வெட்கப்பட்டு ஒதுங்காமல் கணக்கையும் உபரியையும் கேட்கட்டும்; அது பிச்சையன்று, உரிமை. எழுதப் படிக்கத் தெரியாதவருடன் இளைஞர் ஒருவர் துணைக்குச் செல்லட்டும். தவணை நெருங்கும் குடும்பத்திற்கு வட்டியைக் கட்டவேனும் கைமாற்றாகக் கொடுக்கும் சிறு நிதியை ஒவ்வோர் அன்பியமும் தொடங்கலாம். ஒரு மாத அவகாசத்தில் தப்பிவிடும் நகைகள் எத்தனையோ!

மூழ்கிய நகையை உரிய விலை கொடுத்து வாங்கியவர் அதை அமைதியோடு மகளுக்கு அணிவிக்கலாம். அதை உருக்கத் தேவையில்லை. நகை மூழ்குமுன் அதை மீட்க உதவியவர் வீட்டில் ஒரு குன்றிமணிப் பொன்னும் கூடியிராது. ஆனால் அண்டை வீட்டுப் பெண் அந்த நகையை அணிந்துகொண்டு ஞாயிறு திருப்பலிக்கு வருவார்.